மூன்றாவது துளை

"செருப்பை வெளியிலயே விட்டுட்டு வாடா" என்று அக்கா சொன்ன நிமிடமே எனக்குச் சுர்ரென்று ஏறியது.

காரணம் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் இருபத்திரண்டு வருடமாகச் செருப்பில்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதவள் அவள். நீல நிற ரப்பர் செருப்பு. தேய்ந்துபோனால் அதே நீலத்தில் இன்னொன்று. ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்கிறது, துணி துவைக்கிற மிஷின் லேசாக இழுக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம், "ரப்பர் செருப்பைப் போட்டுக்கோக்கா, ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னவன் நான். நான் எலக்ட்ரீஷியன். அந்த வீட்டுக்கு வயர் இழுத்தவனும் நான்தான். கரண்ட் விஷயத்தில் தம்பி ஒன்று சொல்லிவிட்டால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஃப்யூஸ். பட்டென்று போய்விடுவேனாம். போவேன்தான். முட்டாள்தனத்தைப் பார்த்த பிறகும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆட்களைத்தான் எனக்குப் புரிவதில்லை.

"என்ன புதுசா? செருப்பு வேண்டாம்னு யார் சொன்னா?"

"வெறுங்கால் சார் சொன்னார்."

அவரைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருந்தேன். பூங்காவில் தினமும் காலையில் முப்பது நாற்பது பேரைப் புல்லில் வெறுங்காலோடு நிற்க வைக்கிற ஆள். அதற்கு முன்னால் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் விற்றார். அதற்கும் முன்னால் இன்ஷூரன்ஸ். இப்போது பூமியையே விற்க ஆரம்பித்துவிட்டார். உடம்பில் கெட்ட மின்சாரம் சேர்ந்துபோய்விட்டதாம். அது கால் வழியாக மண்ணுக்கு இறங்கினால் மூட்டு வலி போகும், தூக்கம் வரும், கோபம்கூட இறங்கிவிடும் என்று சொல்லுவாராம்.

புல்லில் நடப்பதை நான் குறை சொல்லவில்லை. அக்கா முப்பது வருடம் ஒரு தையல் ஃபாக்டரியில் மேற்பார்வை பார்த்தவள். எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்று நின்று கால் இரண்டும் மரத்துப்போனவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தூக்கமும் அவளை விட்டுப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் அது அவளுக்குப் பெரிய விஷயம். காலையில் நாலு பேரோடு சிரித்துப் பேசி நடந்துவிட்டு வந்தால் நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டது அதற்கு இல்லை. படுக்கையறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கட்டிலில் ஒரு சாம்பல் நிற விரிப்பு. துணியில் வெள்ளி நூல் கோடு கோடாக ஓடியது. ஓரத்தில் ஒரு சட்டைப் பித்தான் போன்ற உலோகக் குமிழ், அதில் மாட்டிய வயர், வயரின் நுனியில் ஒரு ப்ளக். ப்ளக்கில் ஒரே ஒரு பின்தான் நிஜம். மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக்.

"எர்த்திங் ஷீட்டுடா. வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டே பூமியில படுத்த மாதிரி. சுவர்ல எர்த் துளை இருக்குல்ல, அதுல சொருகினா போதுமாம்."

சுவரில் இருக்கிற ப்ளக் பாயிண்டில் மூன்று துளை. கீழே இருக்கிற இரண்டில் ஒன்றில் மின்சாரம் வருகிறது, இன்னொன்றில் திரும்பிப் போகிறது. திரும்பிப் போகிறதை நியூட்ரல் என்போம். மேலே பெரிதாக, தனியாக இருக்கிற மூன்றாவது துளைதான் எர்த். அதன் கம்பி சுவருக்குள் ஓடி, வீட்டுக்கு வெளியே ஆழமாக வெட்டிய குழியில் புதைத்த இரும்பில் போய் முடிய வேண்டும். மிஷின் ஏதாவது கெட்டு அதன் உடம்பில் மின்சாரம் ஏறினால், ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போகிற அவசர வழி அது. அந்த வழியில் கொண்டுபோய்த் தலையணையைப் போட்டுப் படுக்கச் சொல்கிறார் ஒருவர். என் அக்கா அதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சாக்கா? எவனோ காதுல பூ சுத்துறான், நீயும் திரும்பித் திரும்பிக் காட்டிட்டு நிக்குற!"

"கத்தாதே. நான் இன்னும் சொருகலை. வாங்கி ஆறு நாள் ஆச்சு. நீ வந்து பாத்து சரின்னு சொல்லாம சொருகக் கூடாதுன்னு மடிச்சு வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் விரிச்சேன்."

அத்தான் வாசல் நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் எந்தச் சண்டையிலும் தாளை இறக்க மாட்டார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் மாப்ள. தம்பி சொல்லட்டும்னுட்டா" என்று தாளுக்குள்ளிருந்தே சொன்னார்.

அக்கா ஓர் அட்டையை நீட்டினாள். ஷீட்டோடு வந்த உத்தரவாத அட்டை. பொடி எழுத்தில் பத்து வரி, கீழே எலக்ட்ரீஷியன் கையெழுத்துக்குக் கோடு. எர்த் சரியாக இருக்கிறது என்று ஆள் வைத்துச் சோதித்துக் கையெழுத்து வாங்கினால்தான் உத்தரவாதமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஷீட்டைச் சுருட்டித் தெருவில் எறிந்திருப்பேன். எறிந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, என் வேலையைச் சந்தேகப்பட எவனோ ஒருவன் அட்டை அடித்து அனுப்பியிருக்கிறான் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பையிலிருந்து சோதனை விளக்கை எடுத்தேன். ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு வயர். ஒரு முனையை மின்சாரம் வருகிற துளையில் வைத்தேன், இன்னொரு முனையை எர்த் துளையில் வைத்தேன். பல்பு பளீரென்று எரிந்தது.

"பாத்தியா? யார் வேலைன்னு நினைச்சே? தங்கம் மாதிரி எர்த்."

"அப்ப சரியா இருக்குல்ல?"

"எர்த் சரியா இருக்கு. உன் மண்டைதான் சரியில்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்தப் பத்து வரியை நான் படிக்கவில்லை. சுவரில் வைத்தே கிறுக்கினேன். அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு, அவள் போட்டுவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். பின்னால் அவள் அத்தானிடம், "கோபத்துல போறான். ஆனா பாத்துச் சொல்லிட்டான்ல, அது போதும்" என்று சொன்னது கேட்டது.

எங்கள் தொழிலில் அந்தச் சோதனைக்கு ஒரு மறுபாதி உண்டு. பல்பு எரிந்தால் மட்டும் போதாது. மெயின் போர்டில் நியூட்ரலைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அப்போதும் எரிந்தால்தான் எர்த் தன் சொந்தக் காலில் நிற்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலை. அறிமுகமில்லாத வீடாக இருந்தால் செய்திருப்பேன். இது என் அக்கா வீடு, என் வேலை. அதனால் செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"ஆறு மணி நேரம்டா! நடுவுல ஒரு தடவைகூட முழிக்கல. உங்க அத்தான் குறட்டையே காதுல விழல."

"அது மனசுக்கா. சக்கரைத் தண்ணியை மருந்துன்னு குடுத்தாலும் தூங்கியிருப்பே."

"மனசோ மண்ணோ, தூங்கினேன். மூணு வருஷமா நீயும் டாக்டரும் சேந்து குடுக்காததை அது குடுத்துச்சு. மதியமும் ஒரு மணி நேரம் படுக்குறேன். நீ கையெழுத்துப் போட்ட நேரம் நல்ல நேரம்."

வயிறு எரிந்தது. ஊரை ஏமாற்றுகிறவனுக்கு நல்ல பெயர் போகிறதே என்று எரிந்தது. அவள் குரலில் அப்படி ஒரு தெம்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. போனை வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம், ஓர் அலுவலகத்தில் ஏணி மேல் நின்று பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் கூப்பிட்டார். அவர் தானாக எனக்குப் போன் செய்ததே கிடையாது.

"மாப்ள, உங்க அக்காவுக்கு ஷாக் அடிச்சுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீ வா."

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கையில் திருப்புளியோடுதான் ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன்.

மதியத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறாள். உடம்பு ஷீட்டின் மேல் இருக்க, ஒரு காலை மட்டும் தரையில் வைத்திருக்கிறாள். அத்தான் அப்போதுதான் அறையை ஈரத் துணியால் துடைத்திருந்தார். அக்காவுக்கு வெறுங்கால். கால் தரையைத் தொட்ட நொடியில் உடம்பு விறைத்து, சத்தம்கூட வராமல் ஆடியிருக்கிறாள். ஆடிய ஆட்டத்தில் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். விழுந்ததில் தோள் மூட்டு விலகிவிட்டது. "விழுந்ததாலதான் பொழைச்சாங்க" என்றாள் டாக்டரம்மா. "ஷீட் மேலயே கிடந்திருந்தா நீங்க இங்க வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது." குதிகாலில் தீக்காயம், முதுகில் கோடு கோடாகச் சிவப்பு. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததால் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்காவின் மார்பில் ஒட்டிய வயர்கள் ஒரு பெட்டிக்குப் போயின. வாழ்க்கை முழுவதும் வயரோடு கிடக்கிறவன் நான். அந்த வயர்களை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை பூங்காவுக்குப் போனேன். முப்பது பேர் கண்ணை மூடிப் புல்லில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளை உடையில் வெறுங்கால் சார், கையைக் குவித்து, "உங்க கோபம் எல்லாம் கால் வழியா இறங்குது, இறங்குது" என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கன்னத்தில் ஒன்று விட்டேன்.

"என் அக்கா ஆஸ்பத்திரியில கிடக்குறா! உன் ஷீட்டுல படுத்து!"

கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாம் திறந்தார்கள். இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். திமிறினேன். பையிலிருந்து ஷீட்டின் வயரை எடுத்து அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன். டாக்டரிடம் காட்ட அத்தான் எடுத்து வந்திருந்த அதை, இரவு முழுக்க உட்கார்ந்து பிளந்து பார்த்திருந்தேன். இந்த மாதிரிப் பொருளை ஒழுங்காகச் செய்கிறவர்கள் வயருக்கு நடுவே ஒரு ரெசிஸ்டன்ஸ் வைப்பார்கள், தப்பித் தவறி மின்சாரம் வந்தாலும் ஆளைக் கொல்லாத அளவுக்கு அதை மட்டுப்படுத்த. இதில் அது இல்லை. வெறும் கம்பி.

"இதுல தடுப்பு எங்கய்யா? மனுஷ உயிரு உனக்கு விளையாட்டா போச்சா?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. மொத்தமா வாங்கி விக்குறேன். ஆனா சோதிக்காம யாரையும் படுக்கச் சொல்றதில்ல. உங்க அக்கா கார்டு என்கிட்ட இருக்கு." போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

என் கிறுக்கல்தான். அதற்கு மேலே அந்தப் பொடி எழுத்து. அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். முதல் முறையாகப் படித்தேன். "மெயின் போர்டில் நியூட்ரல் இணைப்பைக் கழற்றிய பிறகும் எர்த் தனியாக வேலை செய்வது சோதிக்கப்பட்டது."

"இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. வெளிநாட்டுக் கம்பெனி கார்டுல இருந்துச்சு. தமிழ்ல போட்டுக்கிட்டேன்."

அர்த்தம் தெரியாதவன் எழுதியிருக்கிறான். அர்த்தம் தெரிந்தவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இன்னொரு அறை விடலாம் என்று கை எழுந்தது. யாருக்கு விடுவது என்று தெரியாமல் இறங்கிவிட்டது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். சாவி பக்கத்து வீட்டில். வாசல் கதவுக்குப் பின்னால்தான் மெயின் போர்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூடியின் நாலு திருகாணிகளையும் கழற்றினேன். துருப்பிடித்திருந்தன. நான் மூடிய பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

மீட்டரிலிருந்து வருகிற நியூட்ரல் கம்பி, திருகாணி இருக்கும் இடத்தில் கருகி அறுந்திருந்தது. சரி, பழசு, தளர்ந்திருக்கும். இதை எதிர்பார்த்துத்தான் திறந்தேன். ஆனால் அது அறுந்தால் விளக்குகள் அணைய வேண்டும், அவ்வளவுதான். மின்சாரம் எப்படி எர்த் துளைக்குப் போனது?

டார்ச்சை இன்னும் கீழே இறக்கினேன். வீட்டின் எர்த் கம்பிகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும் இடம். அங்கிருந்து ஒரு தடித்த கம்பி வெளியே குழிக்குப் போக வேண்டும். அப்படி ஒரு கம்பியே இல்லை. அதற்குப் பதிலாக விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பி, எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிந்திருந்தது. முடிச்சின் மேல் கறுப்பு டேப் இல்லை. வெளிர் சிவப்பில், துணியில் செய்த பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுகிறது.

பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வயரிங் வேலையின் கடைசி நாள் அது. மறுநாள் காலை பத்து மணிக்கு இணைப்புக் கொடுக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். எர்த் குழி வெட்டினேன், மூன்றடியில் பாறை. கடப்பாரை துள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு அன்று சாயங்காலம் வேறு ஓர் இடத்தில் வேலை. ஆத்திரத்தில் குழியை மூடினேன். இரண்டையும் சேர்த்து முடிந்துவிட்டால் சோதனை விளக்கு பிரமாதமாக எரியும், இன்ஸ்பெக்டர் தலையாட்டுவார், அடுத்த வாரம் வந்து குழியை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாம் நன்றாகவேதான் ஓடும், நியூட்ரல் என்றைக்காவது அறுந்துபோகும் வரை. அறுந்தால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் ஓடுகிற ஃபேனிலிருந்தும் ஃப்ரிட்ஜிலிருந்தும் அந்த முடிச்சு வழியாக எர்த்துக்குள் ஏறும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு வாரத்துக்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரத்தை நான் மறந்தே போனேன். ஃப்ரிட்ஜ் சுள்ளென்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம்கூட ஞாபகம் வரவில்லை. செருப்புப் போடச் சொன்னேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் பல் கிட்டித்துக்கொண்டது.

அப்போது அத்தான் போன் செய்தார். "மாப்ள, நான் போலீஸ்ல புகார் குடுக்கப்போறேன். அந்த ஆளை உள்ள தள்ளாம விடமாட்டேன். நீ எக்ஸ்பர்ட்டு. வீட்டு எர்த் நல்லா இருந்துச்சு, ஷீட்தான் காரணம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

தாளை இறக்காத மனிதர். இப்போது புகார்த் தாளை எடுத்துவிட்டார்.

குறடை எடுத்து அந்தத் துண்டுக் கம்பியின் இரண்டு முனையையும் வெட்டினேன். ஆபத்து, வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டியது கையில் வந்ததும் வேறொன்றும் தோன்றியது. இனி இந்த போர்டை யார் திறந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கருகிய நியூட்ரல் இருக்கிறது, தடுப்பு இல்லாத ஷீட் இருக்கிறது, ஏமாற்றுகிற ஆள் இருக்கிறான். அவன் உள்ளே போக வேண்டியவன்தான். பொய்கூட அதிகம் தேவையில்லை. ஒரு வரி. துண்டுக் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். வாய் ஓயாமல் திட்டினால் வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்காது.

அக்காவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தோளில் கட்டு, குதிகாலில் கட்டு. சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் பக்கத்தில் புகார்த் தாளோடு. கட்டில் கால்மாட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் வெறுங்கால் சார். கன்னத்தில் என் விரல் இன்னும் தெரிந்தது. காலில் பளபளவென்று ஷூ.

"இங்க ஷூவா? பூமி வேண்டாமா இங்க?" என்றேன்.

"நீ சும்மா இருடா" என்றாள் அக்கா. குரல் தேய்ந்திருந்தது. "மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு. வயர்ல ஏதோ இல்லையாம், தெரியாம வித்துட்டாராம். எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்றாரு. நான்தான் கேட்டேன், எர்த்தை என் தம்பி பாத்தானே, அப்புறம் எப்படின்னு."

"அது ஷீட்தான்" என்று அத்தான் சொன்னார். "தம்பி எழுதிக் குடுப்பான். எழுது மாப்ள." தாளையும் பேனாவையும் நீட்டினார். கோடு போட்டு இடம் விட்டிருந்தார்.

பேனாவை வாங்கினேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள் அக்கா. "அன்னைக்கு நீ பாத்துச் சொன்ன ஒரே காரணத்துக்குத்தான்டா படுத்தேன். சாரு நூறு சொல்லியிருந்தாலும் படுத்திருக்க மாட்டேன்."

பேனாவைக் கட்டில் மேல் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுக் கம்பியை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

அவள் நல்ல கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினாள். "இது நம்ம வீட்டுப் பிளாஸ்திரி ஆச்சே" என்றாள். "டேப் தீந்துபோச்சு, ஏதாவது குடுக்கான்னு கேட்டே. வெட்டிக் குடுத்துட்டு, ஏன்டா வீட்டுக்குக் காயம் பட்டுடுச்சான்னுகூடக் கேட்டேன். நீ சிரிச்சே." கம்பியை என் பக்கம் நீட்டினாள். "இது எங்க இருந்துச்சு?"

சொன்னேன். பாறை, இன்ஸ்பெக்டர், முடிச்சு, அடுத்த வாரம், எல்லாம். நடுவில் அத்தான் ஒரு தடவை "மாப்ள" என்றார், அவ்வளவுதான். வெறுங்கால் சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குழி?" என்று கேட்டாள் அக்கா.

"வெட்டலைக்கா."

"இருபத்திரண்டு வருஷம்?"

"ஆமா."

"என் பொண்ணு அந்த வீட்டுலதான்டா தவழ்ந்தா. ஈரத் தரையில." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "சுள்ளுன்னுது, சுள்ளுன்னுதுன்னு எத்தனை தடவை சொன்னேன். செருப்புப் போடுன்னே. ஒரு தடவை அந்த மூடியைத் திறந்து பாத்திருக்கக் கூடாதா நீ?"

குனிந்து அந்தத் துண்டுக் கம்பியைப் பார்த்தேன்.

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "இவன் சொன்னதை அப்படியே எழுதுங்க. சாரு வித்ததையும் எழுதுங்க. ரெண்டும் ஒரே தாள்ல இருக்கட்டும்."

அத்தான் எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. முடித்ததும் அவள் தாளை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடு. இந்தத் தடவை படிச்சுட்டுப் போடு."

படித்தேன். போட்டேன். எனக்குக் கீழே வெறுங்கால் சாரும் போட்டார்.

அன்று மதியமே வெட்ட ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால், அதே இடத்தில், வெயிலில். மூன்றடியில் அதே பாறை எனக்காகக் காத்திருந்தது. கடப்பாரை துள்ளியது. துள்ளட்டும் என்று மறுபடி போட்டேன். செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நின்று போட்டேன். கை கொப்புளித்து உடைந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பாறை பிளந்தது. ஒரு முழம் கனம்தான். அவ்வளவுதான் இருந்திருக்கிறது அன்றைக்கும். அதற்குக் கீழே கறுத்த, ஈரமான, நல்ல மண். கணுக்கால் வரை அதில் நின்றேன். அந்த ஆள் சொன்னது உண்மையாக இருந்தால் என் கோபமெல்லாம் அங்கேயே இறங்கிப் போயிருக்க வேண்டும். ஒரு பொட்டுகூட இறங்கவில்லை.

அடிவரை இரும்புக் குழாயை இறக்கினேன். உப்பும் கரியும் போட்டு மூடினேன். தடித்த கம்பியை மெயின் போர்டு வரை இழுத்தேன். மின்சாரம் கசிந்த உடனே தானாக அணைக்கிற கருவியையும் மாட்டினேன். பிறகு நியூட்ரலைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையாகச் சோதித்தேன். ஒவ்வொரு அறையிலும் பல்பு எரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் அக்காவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார் அத்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. இரண்டு இரவாகத் தூங்கவில்லை என்றார். வாசலில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நீலச் செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்த்தாள். கட்டுப் போட்ட கால் உள்ளே போகவில்லை.

ஓடிப்போய்ப் பிடித்தேன். "வேண்டாம்கா. முடிச்சுட்டேன். மெயின்ல நியூட்ரலைக் கழட்டிட்டுப் பாத்தேன். எல்லாத் துளையும் பாத்துட்டேன். இனிமே உனக்குச் செருப்பே வேண்டாம். வெறுங்கால்ல தாராளமா நட."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என் கைக் கொப்புளத்தையும் பார்த்தாள். பிறகு என் கையை விலக்கிவிட்டு, குனிந்து, செருப்பின் வாரை இழுத்து விரித்து, வலிக்க வலிக்கக் காலை உள்ளே திணித்துக்கொண்டாள்.

செருப்பு தரையில் தட்டித் தட்டிச் சத்தம் போட, சமையலறைக்குள் போனாள்.